மணி அடித்த பிறகு

ஆகஸ்ட் ஸ்ட்ரிண்ட்பெர்கின் ‘மிஸ் ஜூலி’ நாடகத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது. அந்த இரவில் யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டார்கள்?

1888இல் எழுதப்பட்ட நாடகம். ஸ்வீடனில் ஒரு பிரபுவின் மாளிகைச் சமையலறை. கோடைத் திருவிழா இரவு. பிரபு வீட்டில் இல்லை. மகள் ஜூலியும் வேலைக்காரன் ழானும் நெருங்குகிறார்கள். காலையில், அவன் கொடுத்த சவரக்கத்தியோடு அவள் வெளியேறுகிறாள். அவ்வளவுதான் கதை.

எஜமானி அவள், வேலைக்காரன் எப்படி மறுப்பான் என்று கேட்கலாம். தொடக்கத்தில் தன் காலணியை முத்தமிடச் சொல்பவளும் அவள்தானே. இல்லை, அவன் ஆண், ஊர் தூற்றப்போவது அவளைத்தான் என்றும் சொல்லலாம். இரண்டுமே சரி, சிக்கலே அங்கேதான். சிறுவயதிலிருந்தே அவளை நேசித்ததாக உருகிய ழான், எல்லாம் முடிந்ததும் அது பெண்களை மயக்கச் சொன்ன கதை என்கிறான். மேலே இருந்தவள் ஒரே இரவில் கீழே வந்துவிடுகிறாள். ஆனால் அவன் மேலே போய்விடவில்லை.

இன்று நாம் ‘சம்மதம்’ என்ற ஒற்றைச் சொல்லால் இதை அளக்கப் பார்ப்போம். இருவருக்கும் விருப்பம், அப்புறம் என்ன பிரச்சினை? அந்தச் சொல் அவசியமானது, ஆனால் போதாது. அது அந்தக் கணத்தை மட்டும்தான் கேட்கிறது. மறுநாள் காலை யாருக்கு எங்கே போக இடமிருக்கிறது என்று கேட்பதில்லை. ஆசை வர்க்கத்தை அழிப்பதில்லை, ஓர் இரவுக்கு மறக்கவைக்கிறது.

சமையல்காரி கிறிஸ்டினை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். ழானைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் அவள். அவளுக்குப் பொறாமையைவிடக் கோபம்தான் அதிகம். மதிக்க முடியாத எஜமானர்கள் வீட்டில் வேலை செய்ய மாட்டேன் என்கிறாள். மேலே இருப்பவர்களும் நம்மைப் போலத்தான் என்றால், நாம் ஏன் ஒழுங்காக இருக்கப் பாடுபட வேண்டும்? கீழே இருப்பவளின் அறமே மேல்தட்டை நம்பி நிற்கிறது. நாடகத்திலேயே எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

ஸ்ட்ரிண்ட்பெர்க் முன்னுரையில் ஜூலியின் முடிவுக்குக் காரணங்களை அடுக்குகிறார். தாயின் இயல்பு, தந்தையின் வளர்ப்பு, நடனம், பூக்களின் வாசம், தற்செயல். இத்தனை காரணங்கள் இருந்தால் குற்றவாளி என்று யாருமே மிஞ்ச மாட்டார்களே?

காரணங்கள் புரியவைக்கும், ஆனால் விடுவிக்காது. அதுதான் என் பதில். எனக்குக் கட்டளையிடு என்று ஜூலி கெஞ்சுகிறாள். பிரபுவின் குரலைக் கேட்ட பிறகு ழானால் முடியவில்லை, உடம்பிலேயே வேலைக்காரன் திரும்பி வந்துவிடுகிறான். அந்தப் பயம் நிஜம்தான். ஆனாலும் பழியில் பங்கெடுக்க அவனுக்கு வழி இருந்தது. அவன் தேர்ந்தெடுத்தது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதை.

பிரபு கடைசிவரை மேடைக்கு வருவதே இல்லை. அவருடைய காலணிகளும் மணியும் மட்டும்தான். அரை மணி நேரத்தில் காலணியும் காபியும் வேண்டும் என்கிறார். ழான் கொண்டுபோயிருப்பான், நேரம் தவறாமல்.