சீண்டலும் சபையின் கடமையும்

கைவேலை ஒன்றின் மீதுள்ள விருப்பத்தால் மட்டுமே கூடியிருக்கும் இணையக் குழுவில், அந்த விருப்பம் சிறிதும் இன்றி, பிறரைப் புண்படுத்தி அதில் இன்பம் காண்பவர் ஒருவர் நுழைந்துவிட்டால், குழு அவரிடம் எவ்வாறு நடந்துகொள்வது அறம் என்பது எளிதாக விடை காணக்கூடிய கேள்வி அன்று. ட்ரோல் என்று இணைய வழக்கில் அழைக்கப்படும் இத்தகையவரின் செயலை இங்குச் சீண்டல் என்று கொள்ளலாம். கருத்து வேறுபடுவதும் கடுமையாகக் குறை காண்பதும் சீண்டலாகா. எதிரில் இருப்பவர் நிலைகுலைய வேண்டும் என்பதையே பயனாகக் கொண்டு சொல்லப்படும் சொல்லே சீண்டல். இந்த வரையறையை முதலில் உறுதி செய்துகொள்ளாவிட்டால், பின்னர் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவும் தடம் மாறிப் போகும்.

மும்பைத் தமிழரின் கோலக் குழுக்கள் இக்கேள்வியை ஆராய்வதற்குத் தகுந்த களம். மாட்டுங்கா, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலுவலக வேலைக்காக வந்த குடும்பங்கள் வேரூன்றிய பகுதி. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தொடங்கப்பட்டது அங்கேதான். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாராவி, திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தோல் பதனிடும் தொழிலுக்கும் கூலிவேலைக்கும் வந்தவர்களின் உழைப்பாலும் உருவானது. செம்பூரில் இருவகைக் குடும்பங்களும் பின்னாளில் கலந்து குடியேறின. இந்த மூன்று இடங்களிலும் வாழ்பவர்கள் நேரில் ஒரே கூடத்தில் அமர்ந்து பழகும் வாய்ப்பு குறைவு என்றாலும், மார்கழி பிறந்ததும் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட கோலத்தை மற்றவர் பார்க்கிறார். அடுக்குமாடியின் பொது நடையில், கதவுக்கு முன்னுள்ள இரண்டடித் தரையில் இட்ட கோலமும், தாராவிச் சந்தில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் இட்ட கோலமும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. ஊரும் சாதியும் வருமானமும் பிரித்து வைத்தவர்களை ஒரு கைவேலை இவ்வாறு அருகருகே நிறுத்துவது அரிய நன்மை. ஆனால் சீண்டுபவருக்கு எங்கே குத்தினால் வலிக்கும் என்பதைக் காட்டிக்கொடுப்பதும் அந்த அருகாமைதான்.

குறை காண்பதற்கும் சீண்டலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிக்குக் கோலம் ஒன்றைக் கொண்டே விளக்கலாம். சிக்குக் கோலத்தில் கம்பி ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துச் சென்று, இடையில் அறுபடாமல், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். புதிதாகப் பழகும் ஒருவர் நேர்ப்புள்ளி 7 வைத்து இட்ட கோலத்தைக் குழுவில் பகிரும்போது, மூன்றாம் வரிசையில் வலப்பக்கக் கடைசிப் புள்ளி வளைக்கப்படாமல் நிற்கிறது, அங்கே கம்பி உள்ளே திரும்பியிருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதினால், அந்தச் சொல் கோலத்தைப் பற்றியது. எவ்வளவு கண்டிப்பாகச் சொல்லப்பட்டாலும் மறுநாள் அது கைக்கு உதவும். “கோழி கிளறின மாதிரி இருக்கு”, “பம்பாயில பொறந்தவங்களுக்கு இதெல்லாம் எங்கே வரப்போகுது”, “தாராவிப் பக்கமா?” என்று வரும் சொற்களோ கோலத்தைத் தொடுவதே இல்லை. அவை இட்டவரின் பிறப்பையும் இருப்பிடத்தையும் தொடுகின்றன; அவற்றைக் கொண்டு எவரும் ஒரு வளைவைக்கூடத் திருத்திக்கொள்ள முடியாது. சொல்லப்பட்டதை ஏற்று வேலையைத் திருத்த வழி உண்டா என்பதே இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கான நேர்மையான சோதனை.

சீண்டல் வந்ததும் பெரும்பாலோர் கூறும் அறிவுரை, கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்பது. இதில் உண்மை இல்லாமலில்லை. கவனத்தைத் தேடி வருபவருக்குக் கவனத்தை மறுப்பது அவருடைய நோக்கத்தைக் கெடுக்கும். ஆயினும் இந்த அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதில்தான் அறச்சிக்கல் இருக்கிறது. புண்பட்டவர் தாமாகவே பொறுத்துக்கொண்டால் அது அவருடைய பெருந்தன்மை; பொறுத்துக்கொள்ளும்படி மற்றவர்கள் அவரிடம் சொன்னால், அது தங்கள் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காக அவர் தலையில் ஏற்றும் சுமை. நூறு பேர் பார்த்த சீண்டலுக்கு நூறு பேரும் மறுமொழி சொல்லாதபோது, அந்த மௌனத்தைச் சீண்டியவர் இசைவாகவும், சீண்டப்பட்டவர் தீர்ப்பாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். சொல் பிறப்பையோ இருப்பிடத்தையோ குறித்ததாக இருந்தால், வெளியே நெடுங்காலமாக நிலவும் ஏற்றத்தாழ்வு குழுவுக்குள்ளும் செல்லும் என்று அந்த மௌனம் உறுதிசெய்கிறது. 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியரை இழிவுபடுத்தும் முழக்கங்கள் எழுந்த நகரத்தில் வாழ்ந்துவரும் ஒரு சமூகத்துக்கு, கேலியின் வலிமை சுற்றி நிற்பவர்களின் மௌனத்திலும் இருக்கிறது என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

திருக்குறளின் அதிகார அமைப்பு இவ்விடத்தில் துணைசெய்கிறது. பொறையுடைமை அறத்துப்பாலின் இல்லறவியலில், தனிமனிதர் தமக்குச் செய்யப்பட்ட தீங்கைத் தாங்கும் பண்பாகப் பேசப்படுகிறது. பொருட்பாலில் செங்கோன்மை என்ற அதிகாரம், காக்கும் பொறுப்புடையவனைப் பற்றிப் பேசும்போது, தீயவரை ஒறுப்பதைப் பயிருக்காகக் களை எடுப்பதோடு ஒப்பிடுகிறது. தனக்கு நேர்ந்ததைப் பொறுப்பது ஓர் அறம் என்றால், தன் காவலில் உள்ள பிறருக்கு நேர்ந்ததைப் பொறுக்காதிருப்பது வேறோர் அறம். முன்னதைக் காட்டிப் பின்னதிலிருந்து விலகிக்கொள்வது இரண்டுக்கும் பொருந்தாது. வெருவந்த செய்யாமை என்ற அதிகாரமோ, ஒறுப்பவன் தக்கபடி ஆராய்ந்து குற்றத்துக்கு ஏற்ற அளவில் நிற்க வேண்டும் என்று அவனையும் கட்டுப்படுத்துகிறது.

அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு தேவையானது என்பதை மும்பையின் அருகிலேயே நடந்த ஒரு நிகழ்வு காட்டியது. 2012 நவம்பரில் அரசியல் தலைவர் பால் தாக்கரே மறைந்ததை ஒட்டி நகரம் முடங்கியபோது, அந்த முடக்கத்தைக் கேள்விகேட்டு ஃபேஸ்புக்கில் எழுதிய பால்கர் பகுதி இளம்பெண் ஒருவரும், அதற்கு விருப்பக்குறி இட்ட மற்றொருவரும் கைது செய்யப்பட்டனர். பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தியை அனுப்புவதையே குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அப்போது அதற்குக் கைகொடுத்தது. எரிச்சல் என்பதற்கு எல்லை வகுக்க முடியாது, அத்தகைய தெளிவற்ற சொற்களால் ஒருவரின் பேச்சுரிமையைப் பறிக்க இயலாது என்று கூறி, ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவை நீக்கியது. அரசுக்குப் பொருந்திய பாடம் சிறு குழுவின் நிர்வாகிக்கும் பொருந்தும்: தமக்கு எரிச்சலூட்டிய எவரையும் ட்ரோல் என்று பெயரிட்டு வெளியேற்றத் தொடங்கினால், குழுவின் மூத்தவர்களிடம் துணிந்து குறை சொல்லும் புதியவர்தான் முதலில் வெளியே நிற்பார்.

வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் ஒருவர் இட்ட பதிவுக்காக, பொதுநோக்கம் இருந்ததாகக் காட்டப்படாத நிலையில், நிர்வாகியைக் குற்றப் பொறுப்பாளியாக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021இல் தீர்ப்பளித்தது. உறுப்பினரைச் சேர்க்கவும் நீக்கவும் மட்டுமே அப்போது நிர்வாகிக்கு இயன்றது, பதிவை முன்கூட்டியே தடுக்க இயலாது என்பது அதன் அடிப்படை. சட்டத்தில் இது நியாயமான எல்லை. ஆனால் தண்டனைக்கு உள்ளாகாதிருப்பதும் கடமை இல்லாதிருப்பதும் ஒன்றாகா. நீக்கும் ஆற்றல் கையில் இருக்கும் அளவுக்கு, அதை எப்போது, எவ்வாறு பயன்படுத்துவது என்ற அறப்பொறுப்பும் கையில் இருக்கிறது.

சீண்டுபவரின் இயல்பு குறித்த ஆய்வுகள் இந்தப் பொறுப்பை நுட்பமாக்குகின்றன. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பிறர் வருந்துவதில் இன்பம் காணும் மனப்போக்கோடு சீண்டும் பழக்கம் நெருங்கிய தொடர்புடையது என்று கண்டது. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வோ, மனநிலை கெட்டிருந்து, முன்னரே சீண்டல் பதிவுகள் கண்ணில் பட்டிருந்தால் சாதாரண மனிதரும் சீண்டத் தொடங்குகிறார் என்று காட்டியது. நல்ல மனநிலையில், நல்ல பதிவுகளைப் பார்த்தவர்கள் எழுதியவற்றில் 35 விழுக்காடாக இருந்த சீண்டல், மாறான சூழலில் 68 விழுக்காடாக உயர்ந்தது. முதல் ஆய்வைக் கொண்டு பார்த்தால் சிலரைத் திருத்த முனைவது வீணாகலாம்; இரண்டாம் ஆய்வின்படி பலர் திருந்தக்கூடியவர்கள். அதோடு, முதல் சீண்டலை உடனே அகற்றுவது அடுத்தவரைச் சீண்டலிலிருந்து காப்பதாகவும் ஆகிறது. ஆகவே, பதிவை அகற்றுதல், தனியே அழைத்துக் காரணம் சொல்லுதல், சிறிது காலம் விலக்கிவைத்தல், மீண்டும் செய்தால் நீக்குதல் என்று படிப்படியாகச் செல்வதே இருவகையினருக்கும் நீதியான வழி.

சீண்டியவரின் பெயரையும் வேலையிடத்தையும் தேடிப் பரப்பி, அவர் குடும்பத்தார் முன் அவமானப்படுத்துவது இந்தப் படிகளில் எதிலும் அடங்காது. அதில் குற்றத்துக்கும் தண்டனைக்கும் அளவே இருக்காது. ஆளை மாற்றிப் பிடித்துவிட்டால் திரும்பப்பெறவும் முடியாது. நீக்கப்பட்டவருக்கும் உரிமை உண்டு என்பதைப் பின்னல் கலைஞர்களுக்காக 2007இல் தொடங்கப்பட்ட ராவல்ரி என்ற உலகளாவிய இணையச் சமூகம் எடுத்துக்காட்டியது. அமெரிக்க அதிபர் டிரம்ப்புக்கு ஆதரவான பதிவுகளை 2019 ஜூனில் அது தடை செய்தது சரியா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் நீக்கப்படுபவர் விலைகொடுத்து வாங்கிய வடிவங்கள் அவருக்கே உரியவை, ஒருவரைத் தூண்டிப் பேசவைத்துச் சிக்கவைக்கக் கூடாது என்று அது வகுத்த எல்லைகள் எந்தக் குழுவும் பின்பற்றத் தக்கவை.

குழுவின் எல்லைக்கு அப்பாற்பட்ட தீங்குகளும் உண்டு. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் எண் எல்லோருக்கும் தெரியும் என்பதால், குழுவில் தொடங்கிய சீண்டல் பெண் ஒருவரின் தனிச்செய்திப் பெட்டிக்குள் நுழைய வெகுநேரம் ஆகாது. அவர் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் ஓர் ஆண் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் என்னும் குற்றம். அந்நிலையில் குழுவுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்வது தவறு. சான்றுகளைச் சேர்த்துத் தந்து, காவல் நிலையம் வரை உடன் செல்வதே உற்றவர் செய்யும் உதவி.

இவையனைத்தும் சீண்டுபவரைப் பற்றியவை; சீண்டப்பட்டவருக்குச் செய்ய வேண்டியது அதனினும் முதன்மையானது. சீண்டுபவருக்கு மறுமொழி சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. ஆனால் விடுபட்ட அந்தப் புள்ளியைக் குறித்து, அந்தக் கோலத்தின் வடிவொழுங்கைக் குறித்து, இட்டவரிடம் நேராகப் பேசும் கடமை பார்த்திருந்த ஒவ்வொருவருக்கும் உண்டு. பேச்சு மீண்டும் கைவேலைக்குத் திரும்பும்போது சீண்டல் குழுவின் குரலாக நில்லாமல், ஒரு தனிமனிதரின் பிறழ்வாகச் சுருங்கிவிடும். இதை நிர்வாகி ஒருவரிடமே விட்டுவிடுவதும் முறையன்று. சமையலுக்கும் வேலைக்கும் இடையே, ஊதியமின்றி, வசவுகளையும் முறையீடுகளையும் தாமே படித்து முடிவெடுப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். அவருடைய முடிவு அனைவருக்கும் காவலாகிறது, வசவு மட்டும் அவருக்கு வருகிறது. அந்தப் பொறுப்பை மாதந்தோறும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளாமல், தினமும் காலையில் பிறர் கோலங்களைக் கண்டு மகிழ்வது மட்டும் போதும் என்றிருப்பவர், சீண்டுபவர் அல்லர் என்றாலும், அக்குழுவுக்குச் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தாதவரே.