ஆலோசனை கேட்பவரின் கடன்

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 536ஆம் எண் பங்குப் பேரவையைப் பற்றிப் பேசுகிறது. ஆயர் தக்கதெனக் கருதினால் ஒவ்வொரு பங்கிலும் பேரவை அமைக்கப்பட வேண்டும்; பங்குத்தந்தை அதற்குத் தலைமை தாங்குவார்; அதற்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. 1983இல் வெளிவந்த இச்சட்டத் தொகுப்பின் வேறெந்தப் பகுதியையும் அறியாத பேரவை உறுப்பினர்கள்கூட இந்த 'மட்டுமே' என்னும் சொல்லை நன்கு அறிவார்கள். கூட்டத்தில் விவாதம் சூடேறும்போது அச்சொல் எடுத்துக் காட்டப்படுவதும், அதன்பின் அவையில் ஓர் அமைதி பரவுவதும் நம் பங்குகளில் புதியன அல்ல.

இச்சொல் சட்டத்தையும் கடந்து ஓர் அறநெறிக் கேள்வியை நம்முன் வைக்கிறது. கேட்ட ஆலோசனையின்படி நடக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவர், கேட்டதனாலேயே எதற்காவது கட்டுப்படுகிறாரா? கட்டுப்படுவதில்லை என்றால் கேட்பது வெறும் சடங்கு. கட்டுப்படுகிறார் என்றால், எதற்கு?

நம்மிடையே இதற்கு இரண்டு விடைகள் வழங்குகின்றன. திருச்சபை மக்களாட்சி அமைப்பு அன்று, எனவே இறுதிச் சொல் மேய்ப்பருடையதே என்பது ஒன்று. உண்மைதான், கிறிஸ்துவின் இறைத்தன்மையைக் கைதூக்கிக் கணக்கெடுத்து நாம் முடிவு செய்ததில்லை. ஆயினும் ஆலயச் சுவருக்கு எந்த வண்ணம், பள்ளிக் கட்டடத்துக்கு எவ்வளவு செலவு, தேர் எந்தத் தெரு வழியே செல்வது என்பனவும் நிசேயா விசுவாச அறிக்கையின் பகுதிகளா என்ன? மற்றொரு விடை, எல்லாவற்றையும் வாக்குக்கு விடுங்கள், பெரும்பான்மை தீர்மானிக்கட்டும் என்பது. இதைச் சொல்வோர் தாங்கள் சிறுபான்மையாக இருக்கும் நாளை எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விரு விடைகளும் அதிகாரம் யாரிடம் என்று மட்டுமே பேசுகின்றன. கேட்பது என்னும் செயலின் இயல்பை இரண்டும் ஆராய்வதில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு, 'உனக்குச் சம்மதந்தானே அம்மா?' என்று மகளிடம் கேட்கும் தந்தையை நாம் அறிவோம். அவர் கொடியவர் அல்லர். மகள்மீது பாசம் உள்ளவர்தாம். ஆனால் அவர் கேட்டது கேள்வி அன்று என்பதை அவரைவிட அப்பெண் நன்றாக உணர்கிறாள். அவள் சிரித்துத் தலையசைப்பதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். விடையினால் எதுவும் மாறக்கூடும் என்ற நிலை இருந்தால்தான் கேள்வி கேள்வியாகிறது. அந்நிலை இல்லாதபோது, கேட்காமல் இருந்துவிடுவதே நேர்மையானது.

திருச்சபைச் சட்டமும் இதை அறியாமலில்லை. அதே தொகுப்பின் 127ஆம் எண்ணை நம் பங்குகளில் எடுத்துக் காட்டுவோர் குறைவு. குறிப்பிட்டவர்களிடம் ஆலோசனை கேட்டே செயல்பட வேண்டும் என்று சட்டம் விதிக்கும் இடங்களில் ஒரு தலைவர் கேளாமல் செய்தால் அச்செயல் செல்லாது என்கிறது அது. கேட்டபின் அவ்வாலோசனையின்படி நடக்க அவருக்குக் கட்டாயமில்லை. ஆயினும் எல்லாரும் ஒருமனதாகக் கூறியதை மீறுவதாயின், அதைவிட வலுவான காரணம் ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். பங்குப் பேரவைக்கு இது நேரடியாகப் பொருந்துமா என்று சட்ட அறிஞர்கள் ஆராயட்டும். அதன் அறநெறி பொருந்தும் என்பதில் நமக்கு ஐயமில்லை. கேட்பவர் காரணத்துக்குக் கடன்படுகிறார். ஏற்பதாயினும் மறுப்பதாயினும், கேட்கப்பட்டவருக்கு அக்காரணம் சொல்லப்பட வேண்டும்.

இது அண்மைக் காலத்தில் மேல்நாட்டுக் காற்றோடு வந்த எண்ணம் என்று சிலர் கருதுகின்றனர். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரின் ஆயராக இருந்த புனித சிப்பிரியான், குருக்களின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இன்றித் தன் விருப்பப்படி எதையும் செய்வதில்லை என்று பணியேற்ற நாள்முதல் தாம் உறுதி கொண்டிருந்ததாகத் தம் குருக்களுக்கு எழுதினார். 374இல் மிலான் நகர மக்களின் குரலே, திருமுழுக்குக்கூடப் பெற்றிராத அம்புரோசை ஆயர் பணிக்கு அழைத்தது.

இக்கேள்வியை எவரையும்விட ஆழமாக ஆராய்ந்தவர் ஜான் ஹென்றி நியூமன். 1859இல் இங்கிலாந்தில், 'ராம்ப்ளர்' என்ற இதழின் ஆசிரியராக அவர் இருந்தபோது, தொடக்கக் கல்வி குறித்த அரசு ஆணையம் தொடர்பாக ஆயர்களுக்கும் கற்றறிந்த பொதுநிலையினர் சிலருக்கும் இடையே பூசல் எழுந்தது. பொதுநிலையினரைப் பற்றிய காரியங்களில் அவர்களுடைய கருத்தை ஆயர்கள் அறிய விரும்புவார்கள் அன்றோ என்று நியூமன் மென்மையாக எழுதினார். அன்னை மரியாவின் அமல உற்பவத்தை 1854இல் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கும் முன்னரே, மக்களின் விசுவாசம் இதில் எவ்வாறு உள்ளது என்று ஒன்பதாம் பத்திநாதர் 1849இல் உலக ஆயர்களிடம் கேட்டிருந்தார். கோட்பாட்டிலேயே மக்களைக் கேட்கலாம் என்றால், பள்ளிக்கூடக் காரியத்தில் கேட்பது எவ்வாறு தவறாகும்?

இந்த ஒரு கேள்வி அவரைப் பெருந்துன்பத்துக்கு உள்ளாக்கியது. அதற்கு விளக்கமாக அவ்வாண்டு ஜூலையில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, நான்காம் நூற்றாண்டின் ஆரியப் பேதக காலத்தை நினைவூட்டியது. 325இல் நிசேயா சங்கம் அறிக்கையிட்ட விசுவாசத்தில் ஆயர்கள் பலர் தளர்ந்தும் குழம்பியும் நின்ற பத்தாண்டுகளில், அதைப் பெரும்பாலும் விடாமல் பற்றிக்கொண்டிருந்தவர்கள் எளிய விசுவாசிகளே என்று அவர் காட்டினார். ஆயர் ஒருவர் அவர்மீது உரோமைக்குப் புகார் அனுப்பினார். பொதுநிலையினரின் துறை வேட்டையாடுவதும் விருந்து வைப்பதுமே, திருச்சபைக் காரியத்தில் தலையிட அவர்களுக்கு உரிமையில்லை என்ற பொருளில் உரோமையிலிருந்து ஒரு குருமுதல்வர் 1867இல் எழுதிய கடிதமும் அக்காலத்தின் மனநிலைக்குச் சான்றாக நிற்கிறது. காலம் மாறியது. நியூமன் 1879இல் கர்தினாலானார். 2019இல் புனிதராக உயர்த்தப்பெற்றார். 2025 நவம்பர் முதல் நாளில் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அந்தக் குருமுதல்வரை அக்கடிதத்துக்காக அன்றி இன்று நினைப்பார் அரிது.

நம் மண்ணின் அனுபவமும் நியூமனின் பக்கமே பேசுகிறது. முத்துக்குளித்துறை மக்கள் திருமறையைத் தழுவியது அவர்களுடைய தலைவர்கள் எடுத்த முடிவினால். 1542இல் வந்த புனித சவேரியார் ஊர் ஊராகச் சென்று, தாம் இல்லாத நாள்களில் செபம் சொல்லவும், குழந்தைகளுக்குக் கற்பிக்கவும், ஆபத்தில் இருப்போருக்குத் திருமுழுக்கு அளிக்கவும் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். குருவைக் காணாத மாதங்களிலும் ஆண்டுகளிலும் விசுவாசத்தைக் காத்த உபதேசியார்களின் வரிசை நெடியது. அவர்கள் காத்துத் தந்த விசுவாசத்தைப் பற்றி அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பதற்குத் தயக்கம் ஏன்?

ஆயினும் இவ்வாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வது நேர்மை ஆகாது. ஏனெனில் வடக்கன்குளம் நம்முன் நிற்கிறது.

தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அவ்வூரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஆலயத்துக்கு ஒரே பீடம்; ஆனால் அதை நோக்கி இரண்டு நீண்ட கூடங்கள், நடுவே சுவர். ஒரு சாதியினர் ஒரு புறம், பிறர் மறுபுறம். ஒரே அப்பத்தை உண்ண வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதவாறு கல்லும் சுண்ணாம்பும் காத்து நின்றன. 1910இல் இயேசு சபைக் குருவான பங்குத்தந்தை அச்சுவரை இடித்தார். இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் பொதுநிலையினர். தங்கள் முன்னோர் வழக்கம் மீறப்பட்டது, தங்களைக் கேளாமல் செய்யப்பட்டது என்பது அவர்களுடைய முறையீடு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சாதி அடிப்படையில் ஆலயத்தில் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

'பார்த்தீர்களா, மக்களைக் கேட்டிருந்தால் அந்தச் சுவர் இன்றும் நின்றிருக்கும்' என்று ஒருவர் சொல்லக்கூடும். இதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இன்னும் சற்று உற்று நோக்குவோம். சுவரை இடித்தது குருவின் அதிகாரம் என்றால், அதைக் கட்ட இடங்கொடுத்ததும் குருக்களின் அதிகாரமே. பூசலைத் தணிக்க, உரத்த குரலில் பேசியவர்களின் விருப்பத்துக்கு இணங்கியதால் வந்த அமைப்பு அது. வலியவர் மட்டுமே பேசும் இடத்தில் எத்தனை முறை கருத்துக் கேட்டாலும் கிடைப்பது சுவர்தான். கேட்டதில் தவறில்லை, யாரைக் கேட்டார்கள் என்பதில் இருக்கிறது தவறு. தனிக் கல்லறைகளும், சில தெருக்களைத் தவிர்த்துச் செல்லும் தேர்ப்பவனிகளும் வடக்கன்குளத்துச் சுவரோடு மறைந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை 2016இல் வெளியிட நேர்ந்தது அதனால்தான். தேவசகாயம் 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவருடைய பெயரோடு வழங்கிவந்த சாதிப் பட்டம் விடப்பட்டது. அவ்வாறு விடவேண்டுமென்று உரோமைக்கு விண்ணப்பம் எழுதியோரில் பொதுநிலையினரும் இருந்தனர். சுவருக்காக வழக்காடியோரும் பொதுநிலையினர், பெயரிலிருந்த சுவரை அகற்றக் கேட்டோரும் பொதுநிலையினர்.

யாரை முதலில் கேட்பது என்பதற்குத் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் வழிகாட்டுகிறது. எருசலேம் திருச்சபையில் எழுந்த முதல் சீர்திருத்தம் முறுமுறுப்பிலிருந்து பிறந்தது. அன்றாடப் பகிர்வில் தங்கள் கைம்பெண்கள் விடப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். திருத்தூதர்கள் அம்முறையீட்டை ஒழுங்கின்மை என்று அடக்கவில்லை. சீடர் அனைவரையும் கூட்டி, ஆள்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தனர். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களையும் படித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று கொள்ள இடமிருக்கிறது. நம் பேரவைகளில் இதைச் செய்து பார்த்தால் எத்தனை நாற்காலிகளில் ஆள் மாறும்! ஆலயத்தைப் பெருக்குவோர், மறைக்கல்வி கற்பிப்போர், அன்பியக் கூட்டத்துக்குத் தவறாது வருவோர் ஆகியோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி அவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் பங்கில் எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், இறைமக்களைப் பற்றிய அதிகாரத்தை ஆட்சியமைப்பு பற்றிய அதிகாரத்துக்கு முன்னே வைத்தது. பொதுநிலையினர் தம் அறிவுக்கும் தகுதிக்கும் ஏற்பத் திருச்சபையின் நலன் குறித்துக் கருத்துக் கூறுவது உரிமை என்றும், சில வேளைகளில் கடமை என்றும் அதே ஏடு உரைத்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்த மாமன்றப் பயணத்தில் அச்சொற்கள் உருப்பெற்றன. 2023இலும் 2024இலும் உரோமையில் நடந்த அமர்வுகளில் பெண்கள் உள்ளிட்ட பொதுநிலையினர் ஆயர்களோடு வட்ட மேசைகளில் அமர்ந்து வாக்களித்தனர். 2024 அக்டோபர் 26ஆம் நாள் ஏற்கப்பட்ட இறுதி ஏடு, ஆயரின் அதிகாரத்தைக் குறைக்கவில்லை. ஆனால் முறைப்படி கேட்டறிந்து தெளிந்த ஒரு திசையை அவ்வதிகாரம் புறக்கணிக்கலாகாது என்றது. பங்குப் பேரவைகளும் மறைமாவட்டப் பேரவைகளும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றும், ஆலோசனை 'மட்டும்' என்ற வழக்குச் சட்டத்தில் தெளிவாக்கப்பட வேண்டும் என்றும் கேட்டது. நம் பேரவைகளை அமைதியாக்கும் அதே சொல்!

சட்டம் திருத்தப்படும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. பங்கின் நிதிக்குழு 537ஆம் எண்ணின்படி இப்போதே கட்டாயமானது. விசுவாசிகள் அளித்த காணிக்கைகளுக்கு அவர்களிடம் கணக்கு ஒப்புவிப்பதை 1287ஆம் எண் எதிர்பார்க்கிறது. கணக்கு வாசிக்கப்படும் பங்குகளில் வதந்திகள் குறைகின்றன என்பது நம் அனுபவம். பேரவையின் குறிப்பேட்டில், ஏற்கப்படாத ஒவ்வோர் ஆலோசனைக்கும் எதிரே ஏற்கப்படாத காரணத்தை ஒரு வரியில் எழுதி அடுத்த கூட்டத்தில் வாசிக்கலாம். காரணம் நல்லதாயின் பங்குத்தந்தையின் மதிப்பு உயரும். எழுத முடியாத காரணமாயின், அதை எழுத முயலும் கையே முதலில் அதை உணரும்.

பொதுநிலையினராகிய நமக்கும் இதில் கடன் உண்டு. பேரவைக்குச் செல்லும் நாம் நம் தெருவின், நம் உறவின் குரலை மட்டும் எடுத்துச் சென்றால், நாமும் ஒரு சுவரையே சுமந்து செல்கிறோம். கூட்டத்துக்கு முந்தின வாரம், கூட்டத்துக்கு வாராத வீடுகளில் இரண்டில் நுழைந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

மாமன்றத்தின் முதற்கட்டமாக 2021இலும் 2022இலும் நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் கேள்விகள் கேட்கப்பட்டன. சிலர் எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, பிறர் எழுதினார்கள். இப்பயணத்தின் நிறைவாக 2028 அக்டோபரில் வத்திக்கானில் ஒரு திருச்சபைப் பேரவை கூடவிருக்கிறது. அதற்கு முன், அன்று நம் பங்கிலிருந்து மறைமாவட்டத்துக்கு அனுப்பப்பட்ட விடைகளின் படியைப் பங்கு அலுவலகத்தில் கேட்டுப் பெற்று, அவற்றுள் எவை நடந்தன, எவை நடக்கவில்லை, ஏன் என்று பங்குத்தந்தையோடு சேர்ந்து வாசிக்க ஒரு ஞாயிறு மாலை போதும்.