சுழலும் சித்திரமும் சாக்ஷியும்

தேர்தல் முடிவுகள் வெளிவரும் நாளில், தொலைக்காட்சி நிலையத்தின் நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டு அறையில், காட்சிகளை மாற்றும் ஸ்விட்ச்சரின் முன் அமர்ந்திருப்பவர், அடுத்த தொகுதியின் நிலவரம் வந்துசேரும் வரையில் திரை வெறுமையாக நிற்கலாகாது என்பதற்காக, மெல்லச் சுழலும் ஒரு பூகோளத்தையோ அலையலையாய் நகரும் ஓர் ஒளிப்பட்டையையோ மீடியா பிளேயரில் ஏற்றி, லூப் பொத்தானை அழுத்திவிட்டு, மற்றக் காரியங்களைக் கவனிக்கிறார். சில விநாடிகளே நீளமுள்ள அச்சித்திரம் மணிக்கணக்கில் ஓய்வின்றி வந்துகொண்டே இருக்கிறது. மீண்டும் வருவது முன்பு வந்ததேதானா, அல்லது அதைப் போன்ற வேறொன்றா என்று நம் தரிசனகாரர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாதித்த பிரச்னை, இங்கே கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது.

நம் நாட்டு ஒளிபரப்பில் ஒரு விநாடிக்கு 25 பிரேம்கள். ஒரு பிரேமின் ஆயுள் 40 மில்லிவிநாடி. 1920க்கு 1080 என்ற அளவுள்ள பிரேம் ஒன்றைச் சுருக்காமல், பின்னணி எங்கே தெரியவேண்டும் என்று வரையறுக்கும் ஆல்பாவோடும் சேர்த்து வைத்தால், சுமார் 8 மெகாபைட் ஆகிறது. ஒரு விநாடிக்கு 200 மெகாபைட்டுக்கும் மேல். அதனால்தான் குறுகிய சித்திரத்தையே சுழலவிட வேண்டியிருக்கிறது. அதை அமைப்பவர் அறிந்துள்ள ஒரு நுட்பம் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. கடைசிப் பிரேமும் முதற் பிரேமும் ஒன்றாகவே இருந்துவிட்டால், அவ்வுருவம் 80 மில்லிவிநாடி அசையாது நின்று, ஓட்டம் திக்கிவிடும். கடைசிப் பிரேம் முதலாவதற்கு ஒரு படி முன்னதாகவே முடிந்துவிட வேண்டும். அதாவது, ஒன்றே தன்னை அடுத்துத் தானே வருமாயின் சுழற்சி இல்லை.

இதைக் கேட்கும் பௌத்தர், தமது க்ஷணபங்க வாதத்துக்கு இது அனுகூலம் என்பார். உள்ளவை யாவும் கணந்தோறும் தோன்றி அழிவன. 'அதுவே இது' என்னும் பிரதீதி சாதிருசியத்தால் விளைந்த மயக்கம். நினைவகத்தில் இருக்கும் பிரேமாவது மாறாததன்றோ என்றால், அதுவும் இல்லை. டிராம் நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், சாதாரணமாக 64 மில்லிவிநாடிக்குள் அதை மறுபடி எழுதியாக வேண்டும். நிலைத்திருப்பது போல் தோன்றுவதும் இடையறாத புதுப்பிப்பே.

கௌடபாதர் மாண்டூக்ய காரிகையின் நான்காம் பிரகரணத்தில் எடுத்தாண்ட அலாதம், அதாவது சுழற்றப்படும் கொள்ளிக்கட்டை, இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நெருப்பு வட்டம் கொள்ளியில் இல்லை. அவ்வாறே பூகோளத்தின் சுழற்சி எந்தப் பிரேமிலும் இல்லை. நான் சொல்ல விரும்புவது இதையொட்டியதே: மீள்வருகை என்பதும் பிரேம்களுக்கு இல்லை. நூறாவது சுற்றில் வரும் பிரேமில் அது நூறாவது என்பதற்கான அடையாளம் எதுவும் கிடையாது. 'மறுபடியும் வந்தது' என்று சொல்ல, அந்தச் சுற்றுக்குள் அகப்படாத ஒருவர் வேண்டும். பார்ப்பவரும் அச்சித்திரத்தோடு சேர்ந்து தம் நினைவெல்லாம் நீங்கி ஆரம்பத்துக்கே திரும்புவாராயின், கோடி முறை வருவதற்கும் ஒரே முறை வருவதற்கும் பேதம் இராது. எல்லாம் அப்படியே முடிவின்றித் திரும்ப வரும் என்று நீட்சே 1882-இல் முன்வைத்த நித்திய மீள்வருகையை என்னால் அச்சத்தோடு எண்ண முடியாதது இதனாலேயே. பிறவிச் சுழலில் அலுத்துப் போன ஜீவன், அலுத்தமையாலேயே, அச்சுழலுக்குள் முழுவதும் அடங்கிவிடவில்லை.

பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் சங்கரர் பௌத்தரின் இந்த க்ஷணபங்க வாதத்தை மறுக்கையில் ஸ்மிருதியைத்தான் துணைக்கொள்கிறார்: முன்பு கண்டவனும் இப்போது நினைப்பவனும் ஒருவனாக இராவிட்டால் நினைவே சம்பவியாது. ஆயினும் நியாயமாகச் சொல்லப்போனால், சுழலும் சித்திரம் அவருக்கு அளிக்கும் சாக்ஷியம் பாதிதான். பார்ப்பவர் மீளாதவராக இருத்தல் அவசியம் என்பது நிரூபணமாகிறது. மாறாதவராக இருத்தல் அவசியம் என்பது ஆகவில்லை. வாசனைகளை, அதாவது அனுபவப் பதிவுகளை, சேர்த்துக்கொண்டே செல்லும் ஒரு சந்தானமும், அதாவது கணங்களின் தொடரும், மீளாததுதானே என்று பௌத்தர் கேட்கலாம், அக்கேள்வி வலுவானது. அச்சந்தானத்தில் முந்திய கணத்தையும் பிந்திய கணத்தையும் ஒருங்கே வைத்து ஒப்பிடுவது எந்தக் கணம் என்று நான் திருப்பிக் கேட்பேன். இவ்விரு கேள்விகளில் பின்னதே எனக்குக் கனமாகப் படுவதால், சங்கரரின் பக்கமே நிற்கிறேன்.