பார்வை மான்

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. பென்சில்வேனியாவில் வசிக்கும் என் கல்லூரித் தோழியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றபடி காதில் வைத்துக் கேட்டேன். மரத்தை மரத்தோடு உரசுவது போல ஒரு கரகரப்பு, நான்கைந்து முறை. அதைத் தொடர்ந்து அவள் சிரிப்பு. “நான்தான்டி! பெட்டை வான்கோழி மாதிரி கூப்பிட்டேன். சேவல் நெஜம்னு நம்பிப் பதில் கொடுத்துச்சு.”

வசந்தம் அங்கே காட்டு வான்கோழிகள் இணைசேரும் பருவம். அதுவே வேட்டைக்காலமும்கூட. அலுவலகத் தோழிகள் மூவருடன் விடியுமுன் காட்டுக்குப் போய், இலைநிறத்து உடையில் மரத்தடியில் அசையாமல் அமர்ந்திருக்கிறாள். வான்கோழிக்குக் கண் மிகக் கூர்மை. தேடிப் போய்ச் சுடுவது கடினம். அதனால் அதை வரவழைக்க வேண்டும். சிறு மரப்பெட்டியின் மூடியை உரசினால் பெட்டையின் குரல் வரும். இயல்பில் சேவல்தான் கூவும், பெட்டை அதைத் தேடிப் போகும். வேட்டையில் இது தலைகீழ்: பெட்டையின் குரலில் மனிதர் அழைக்க, சேவல் தோகை விரித்துக்கொண்டு துப்பாக்கியின் முன்னால் வந்து நிற்கிறது. ஔவையின் மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடிக் கேலிக்குள்ளானது வான்கோழி. அந்தக் காட்டில் மனிதர்கள் வான்கோழியைப் பார்த்துப் பழகுகிறார்கள்.

இரவு அவளை அழைத்துச் சண்டை போட்டேன். அவள் தயாராகத்தான் இருந்தாள். சேவலைச் சுடுவதால் இனம் குறையாது என்றாள். ஒருகாலத்தில் பல மாநிலங்களில் அற்றுப்போன பறவையை மீட்டதில் வேட்டைக்காரர்களின் பணத்துக்கும் பங்குண்டு. துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்களுக்கு ஒதுக்க 1937இலேயே சட்டம் வந்துவிட்டது என்றாள். கடைசியாகச் சொன்னதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. “இருட்டுல, ஒரு காட்டுல, பயமே இல்லாம உக்காந்திருந்தது என் வாழ்க்கையில இதான் முதல் தடவை. நீ எப்பவாவது அப்படி உக்காந்திருக்கியா?”

நான் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. வழக்கமான கடையில் முக்கால் கிலோ கோழி வாங்கினேன். கடைக்காரர் கழுத்தை அறுத்து டிரம்முக்குள் போட்டு மூடுவார். உள்ளே படபடப்பு அடங்கும்வரை நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொட்டகையிலேயே வளர்ந்து கூண்டிலிருந்து டிரம்முக்குப் போகும் அந்தக் கோழியை உண்ணும் நான், காட்டில் சுதந்திரமாய்த் திரிந்து ஒரு நொடியில் சாகும் பறவைக்காக இன்னொருத்தியைக் குற்றம் சொல்ல முடியாது. கொலைதான் என்னை உறுத்தியது என்றால் நான் பொய் சொல்கிறேன். அப்படியானால் உறுத்தியது எது?

அந்தக் குரல்தான். அதே போன்ற ஒன்றை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் ஊர். மாசி சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை நடக்கும். அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாளிகளும் நாய்களோடும் வலைகளோடும் முயலுக்குப் போவார்கள். “நானும் வாரேன்” என்றால், “பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்னடி வேல?” என்பாள் அப்பத்தா. இரவு முயலை உரித்து, மஞ்சள் தடவி, அம்மியில் மசாலா அரைத்தவள் அவள்தான். ஆண்களின் சிநேகிதம் வாசலில் சிரித்துக்கொண்டிருக்கும். பெண்களின் வேலை அடுப்படியில் புகைந்துகொண்டிருக்கும்.

ஆனால் வேட்டையில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. சித்தப்பா ஒரு பெட்டைக் கௌதாரியைக் கூண்டில் வளர்த்தார். புற்றை இடித்துக் கரையான் கொண்டுவந்து அதற்குப் போடுவது என் பொறுப்பு. என் கையிலிருந்து தின்னும். அதிகாலையில் கூண்டைத் தரிசுக்காட்டில் வைத்துச் சுற்றிலும் கண்ணி விரிப்பார்கள். அது கூப்பிடும், காட்டுக் கௌதாரிகள் வந்து மாட்டும். முயலும் கௌதாரியும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வேட்டையை நம்பி வாழ்ந்த நரிக்குறவர்களின் பிழைப்பை அந்தச் சட்டம் முடக்கியது. பொழுதுபோக்குக்காக வேட்டையாடிய எங்கள் வீட்டு ஆண்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாக நினைவில்லை.

முதுகலை படிக்கும்போது அந்தக் கூண்டுப் பறவைக்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. பார்வை. தன் இனத்தை அழைத்துப் பிடித்துத்தரப் பழக்கப்பட்ட விலங்குக்கும் பறவைக்கும் பழந்தமிழ் தந்த பெயர் அது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குடியிருப்பைக் காட்டுகிறார். முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கிறது. அந்த மரத்து நிழலில், நிலத்தில் தோண்டிய உரலில் எயிற்றியர் புல்லரிசி குற்றுகிறார்கள். கட்டப்பட்ட மானும் உலக்கை பிடித்த பெண்ணும் ஒரே நிழலில். ஆண்டுதோறும் இந்தப் பகுதியை வகுப்பில் நடத்துகிறேன். நெடுங்காலம் இதை ஒரு வாழ்க்கைச் சித்திரமாக மட்டுமே விளக்கிவந்தேன்.

அதை வேறுவிதமாகப் படிக்கவைத்தது ஒரு மாணவி.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கிய முகாமுக்கு என்னை அழைத்தார்கள். அழைப்பிதழில் என் பெயர் இருந்தது. “பெண் படைப்பாளிகளுக்கு முன்னுரிமை” என்று அடியில் அச்சிட்டிருந்தார்கள். என் மாணவிகள் ஆறு பேர் வந்தார்கள். நான் என் அமர்வை முடித்துவிட்டு அன்று மாலையே கிளம்பிவிட்டேன். நடத்தியவர்களில் மூத்தவர் ஒருவர் கவிதை திருத்தித் தருவதாக அவர்களில் ஒருத்தியின் எண்ணை வாங்கியிருக்கிறார். என்ன எழுதினார், எப்படி மிரட்டினார் என்பதை மாதங்கள் கழித்து என் அறையில் நின்றபடி அவள் சொன்னாள். என்மேல் அவளுக்குக் கோபம் இருக்கவில்லை. “நீங்க இருக்கீங்கன்னுதான் மேம் வந்தேன்” என்று மட்டும் சொன்னாள்.

நான் யாரையும் ஏமாற்றவில்லை. கூண்டுக் கௌதாரியும் ஏமாற்றவில்லை; அது தன் குரலில்தான் கூப்பிட்டது. பார்வையின் கொடுமையே இதுதான். அதில் பொய்யான குரல் தேவையில்லை. மெய்யான குரலை இன்னொருவர் தன் வலைக்கு நடுவில் வைத்துக்கொண்டால் போதும்.

வேட்டையில் உயிர்போவது ஒரு தீங்கு. இது வேறொரு தீங்கு. ஓர் உயிர் தன் இனத்தோடு வைத்திருக்கும் நம்பிக்கையை எடுத்து அதைக் கொல்லும் கருவியாக்குவது. தப்பிய பறவைக்கும் இதில் இழப்புண்டு. அடுத்தமுறை மெய்யாகவே ஒரு பெட்டை கூப்பிட்டாலும் அது தயங்கும். என் மாணவி இப்போது எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை, பெண்கள் மட்டுமே கூடும் இடத்துக்கும்கூட. அவளிடமிருந்து பறிபோனது ஒரு முகாம் மட்டுமல்ல.

இந்தக் கதையில் பழி எங்கே விழும் என்பதும் நமக்குப் பழக்கமானதுதான். கௌதமரை வீட்டைவிட்டு வெளியேற்ற இந்திரன் சேவலாகக் கூவினான் என்று பாட்டிகள் கதை சொல்வார்கள். போலிக் குரல் கொடுத்தவன் தேவர்கோனாகவே நீடித்தான், கல்லானவள் அகலிகை. இந்தக் கோடம்பாக்கத்தில் சுவரொட்டிகளில் நடிகையின் உடலை வைத்துத்தான் பல படங்களுக்குக் கூட்டம் சேர்த்தார்கள். பண்பாடு கெட்டுவிட்டது என்றபோது ஏச்சு அவளுக்குத்தான் விழுந்தது. சுவரொட்டி அடித்தவருக்கு அல்ல. என் மாணவியின் வீட்டிலும் முதல் கேள்வி, “நீ ஏன் நம்பர் குடுத்தே?” மானைத் திட்டுவார்கள். கட்டியவனைக் கேட்கமாட்டார்கள்.

அதற்காக மானுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கயிறு என் கழுத்தில் இல்லை. அழைப்பிதழில் பெயரைப் பார்த்து மகிழ்ந்தேன், கேள்வி எதுவும் கேட்கவில்லை. சிறுமியாகக் கூண்டுக்குள் கரையான் போட்டபோதும் அந்தப் பறவை எதற்காக வளர்கிறது என்று எனக்குத் தெரியும். கறியும் தின்றேன். தெரிந்தே கேட்காமல் இருப்பதும் தீனி போடுவதுதான்.

வனவுயிர்ச் சட்டத்தில் வேட்டை என்பதற்கு உள்ள வரையறையை அண்மையில் படித்தேன். கொல்வது மட்டும் அங்கே வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, ஆசைகாட்டி இழுப்பது, இவற்றுக்கான முயற்சிகள் என எல்லாமே வேட்டைதான். பறவை விஷயத்தில் சட்டத்துக்கு இருக்கும் இந்தத் தெளிவு நம் இலக்கிய அரங்குகளுக்கு இல்லை. “தொடக்கூட இல்லையே, மெசேஜ்தானே” என்றுதான் அன்று எனக்கும் சமாதானம் சொன்னார்கள்.

தோழிக்கு என்ன பதில் சொல்வது? பெண் துப்பாக்கி எடுக்கக்கூடாது என்று சொல்லமாட்டேன். இருட்டில் பயமின்றி உட்காரும் உரிமையை அவள் எங்கிருந்து பெற்றாலும் அது பெறவேண்டியதுதான். அந்தப் பயமின்மையை ஒரு பெட்டையின் குரலைக் கருவியாக்கித்தான் பெற முடியுமா என்று மட்டும் எழுதினேன். அடுத்த வசந்தத்தில் ஒரே ஒரு காலை, பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய் அதே மரத்தடியில் உட்கார்ந்து பாரேன் என்றேன். இரண்டு நாள் கழித்து, “யோசிக்கிறேன். ஆனா நீ கோழிக்கடையில டிரம்மப் பாரு” என்று பதில் வந்தது. நியாயம்தான். அடுத்த ஞாயிறு பார்த்தேன். பார்ப்பது எளிதாக இல்லை.

இப்போது என்னைக் கூட்டத்துக்கு அழைக்கிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன். மாணவிகள் எங்கே தங்குவார்கள்? இரவில் அவர்களை யார் கொண்டுபோய் விடுவார்கள்? ஏதாவது நடந்தால் புகாரைக் கேட்க அங்கே யார் இருப்பார்கள்? இவற்றுக்குப் பதில் வரும்வரை என் பெயரை அச்சிட வேண்டாம் என்கிறேன். திமிர் பிடித்தவள் என்ற பெயர் வந்திருக்கிறது, அழைப்புகள் குறைந்திருக்கின்றன. போகும் இடங்களில் கடைசி மாணவி ஊருக்கு வண்டி ஏறும்வரை நான் கிளம்புவதில்லை.