பல்லில் படிந்த பாறை

மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது கையில் ஒரு எவியான் பாட்டில் இருந்தது. காலியானதைக் கழுவி எடுத்து வைத்தேன். மேலே ஒட்டியிருக்கும் தாளை இரண்டு நாளாகப் படிக்கிறேன். லிட்டருக்குக் கால்சியம் 80 மில்லிகிராம், மெக்னீசியம் 26. ஆல்ப்ஸில் பெய்த மழையும் பனியும், பனியாறு விட்டுச்சென்ற மணல் வழியே 15 ஆண்டுகளுக்கு மேல் இறங்கி ஊற்றாகிறதாம்.

*

எந்தத் தண்ணீரும் தான் கடந்த பாறையைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. எங்கள் போர்த் தண்ணீரும் அப்படித்தான். தர்மபுரிக்கு அடியில் கிடப்பது நைஸ், சார்னோகைட் பாறை. அதில் காக்காப்பொன்னாக மின்னும் பயோடைட்டிலும், அபடைட்டிலும் ஃபுளோரைடு உண்டு. விரிசல்களில் தண்ணீர் தங்கத் தங்க அது கரைந்து ஏறும்.

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925இல் கண்மூடிய பாப்பாரப்பட்டிதான் எங்கள் ஊர். அவர் குடித்தது கேணித் தண்ணீராகத்தான் இருந்திருக்கும். பிறகு போர் போட்டோம். வற்ற வற்ற ஆழமாகப் போட்டோம். பாறைக்குள் பழசாகிக் கிடந்ததை மேலே இழுத்துக் குடித்தோம்.

*

பருப்பு வெந்தால் அது நல்ல தண்ணீர் என்பாள் ஆயா. கால்சியம் மிகுந்த தண்ணீரில் பருப்பு வேகாது என்பது உண்மைதான். ஆனால் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் குறைந்து, பைகார்பனேட் கூடிய தண்ணீரில்தான் ஃபுளோரைடு ஏறி நிற்கும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. ஆயாவின் அடுப்புக்கும் நாக்குக்கும் அது பிடிபடவே இல்லை.

என் முன்பல்லில் பிடிபட்டது. ஈறுக்குள் பல் உருவாகும்போதே விழுந்த காவிக் கோடு, தேய்த்தால் போகாது. வகுப்பில் பலர் கையால் வாயை மூடித்தான் சிரித்தோம். பாட்டில் தாளைப் படிக்கையில் நாக்கு தன்னால் அந்தப் பல்லைத் தடவுகிறது.

*

குடிநீரில் ஃபுளோரைடுக்கு நம் நாட்டுத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீர் இல்லையென்றால் 1.5 வரை. ஐரோப்பாவில் கனிம ஊற்றுநீரில் 1.5க்கு மேல் ஃபுளோரைடு இருந்தால், கைக்குழந்தைகளும் ஏழு வயதுக்குட்பட்டவர்களும் அன்றாடம் குடிக்க ஏற்றதல்ல என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும். எங்கள் தெருவின் அடிபம்பில் அப்படி ஒரு வரி யாராவது எழுதியிருக்கலாம்.

*

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. ஜப்பான் கடனுதவியில் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி வந்தது. அது ஆற்றோட்டத் தண்ணீர், பாறையில் ஊறிக் கிடந்ததல்ல. பேத்திக்குப் பால்பல் விழுந்து முளைத்த முன்பற்கள் இரண்டும் வெள்ளை. வாயைத் திறந்து காட்டச் சொல்லி மறுபடியும் மறுபடியும் பார்க்கிறேன்.

குழாய் வராத நாளில் போர்த் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து, ஃபுளோரைடு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.