மொட்டைக் கடிதமும் புனைபெயரும்





சொந்தப் பெயரைப் போடாமல் வேறொரு பெயரில் எழுதுவது கூடுமா, அது பொய்யில் சேருமா என்று நம் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். கதை, கவிதை எழுதும் நாலு பேருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல இது. இப்போது கையில் போன் வைத்திருக்கும் எல்லோரும் எழுதுகிறோம். நாம் எழுதியது ஊர் முழுக்கச் சுற்றுகிறது.

நம் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. கவிஞர் வாணிதாசனைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. 1915ல் வில்லியனூரில் பிறந்தவர். பாகூர் கொம்யூன் சேலியமேட்டில் வாழ்ந்தவர். ஆனால் வாணிதாசன் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. இயற்பெயர் அரங்கசாமி, எத்திராசலு என்றும் அழைத்தார்கள். 'ரமி' என்ற பெயரிலும் எழுதியிருக்கிறார். அவருக்குப் பாடம் சொன்ன பாரதிதாசனின் பெயர் கனக சுப்புரத்தினம். பிரெஞ்சு அரசின் சம்பளத்தில் தமிழ் வாத்தியாராக இருந்துகொண்டே பல புனைபெயர்களில் எழுதியவர் அவர்.

இவர்கள் யாரையாவது ஏமாற்றினார்களா? இல்லை. எழுதியது யார் என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. நம் மார்க்க வரலாற்றிலும் அப்படித்தான். அதிகமான ஹதீஸ்களை, 5374 ஹதீஸ்களை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்களின் இயற்பெயர் எது என்பதிலேயே இமாம்களுக்கிடையே பல கருத்துகள் உண்டு. அப்துர் ரஹ்மான் பின் ஸக்ர் என்பதே பிரபலமானது. அபூஹுரைரா என்பது ஒரு பூனைக்குட்டியால் வந்த பெயர். ஆனால் மதீனாவில் அந்தப் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்க ஆளில்லை. புகாரி இமாமின் பெயர் முஹம்மது பின் இஸ்மாயீல் என்பதும் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வராது. ஆகவே புனைபெயரில் எழுதுவது அதனாலேயே பொய்யாகிவிடாது. கதை எழுதும் பிள்ளைகள் இந்த விஷயத்தில் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிரச்சினை வேறு இடத்தில் தொடங்குகிறது. ஹதீஸ் கலையில் 'தத்லீஸுஷ் ஷுயூக்' என்று ஒரு பாடம் உண்டு. ஓர் அறிவிப்பாளர் தன் ஆசிரியரை, மக்கள் அறிந்த பெயரால் சொல்லாமல், யாருக்கும் பழக்கமில்லாத வேறொரு பெயரால் சொல்வது. கூஃபாவைச் சேர்ந்த அதிய்யா அல்அவ்ஃபீ என்பவரைப் பற்றி ரிஜால் கிதாபுகளில் ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. அவர் கல்பீ என்பவரிடம் போய் விளக்கங்களைக் கேட்பாராம். கல்பீ முஹத்திஸ்களிடம் நம்பகம் இழந்தவர். இவரோ அவருக்கு 'அபூ ஸயீத்' என்று ஒரு பெயரைச் சூட்டி, "அபூ ஸயீத் சொன்னார்" என்று அறிவிப்பார். கேட்பவர்கள் ஸஹாபி அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) சொன்னதாக நினைத்துக்கொள்வார்கள்.

எவ்வளவு நுணுக்கமான ஏமாற்று பாருங்கள்! ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பெயர் மட்டும் மாறியது. அதனால் வாங்குபவர் கையில் செல்லாத நாணயம் போய்ச் சேர்ந்தது. அதே சமயம், பலவீனத்தை மறைக்கும் நோக்கம் இல்லாமல் ஆசிரியரை வெவ்வேறு பெயர்களில் குறிப்பிட்ட பெரிய இமாம்களும் உண்டு. கதீப் பக்தாதீ (ரஹ்) அப்படிச் செய்தவர்கள். அதனால் முஹத்திஸ்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுதவில்லை. எதற்காக மறைத்தார், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பார்த்தார்கள்.

அந்த நஷ்டத்துக்கு நம் புதுச்சேரி வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பத்திரிகையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்று 1867லேயே ஆங்கிலேயர் சட்டம் போட்டார்கள். சென்னையில் வந்த 'இந்தியா' இதழை நடத்தியது சுப்பிரமணிய பாரதி. ஆனால் அரசாங்கப் பதிவேட்டில் இருந்தது சீனிவாசன் என்பவரின் பெயர். 1908ல் ராஜதுரோக வழக்கு வந்தபோது சிறைக்குப் போனவர் சீனிவாசன். பாரதி நண்பர்களின் யோசனைப்படி புதுச்சேரிக்கு வந்தார். 1918 வரை இங்கேயே இருந்தார். பாரதியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைய அரசின் பிடி அப்படி. ஆனால் ஒருவர் பெயர் மறையும்போது அதன் சுமை காற்றில் கரைந்துவிடுவதில்லை, இன்னொருவர் தலையில் இறங்குகிறது. சீனிவாசன் தெரிந்தே சுமந்தார். தெரியாமல், விரும்பாமல் சுமப்பவர்களின் கதி என்ன?

எந்த ஊர், எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். நிக்காஹ் பேசி முடித்த ஒரு வீட்டுக்கு மொட்டைக் கடிதம் வந்தது. பெண்ணைப் பற்றி இரண்டு வரி. சம்பந்தம் நின்றுபோனது. எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. "நிரூபித்துக் காட்டு" என்று அந்தப் பெண் யாரிடம் போய்க் கேட்பாள்? எழுதியவர் ஒருவேளை நம்மைப் போல முதல் ஸஃப்பில் நின்று தொழுதுகொண்டிருக்கலாம்.

ஒழுக்கமுள்ள பெண்கள் மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு 80 கசையடி என்கிறது குர்ஆன் (24:4). சாட்சி என்றால் முகம் உண்டு, பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு, காஜியின் முன்னால் நின்று குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மொட்டைக் கடிதம் எழுதுபவர் இவை எதுவும் இல்லாமல் தீர்ப்பை மட்டும் வாங்கிக்கொள்கிறார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது பழி சொல்லப்பட்டபோது பெருமானார் (ஸல்) அவர்களின் வீடே ஒரு மாதம் கலங்கியது. அந்தப் பேச்சு நாக்கிலிருந்து நாக்குக்கு மாறியதைத்தான் அல்லாஹ் கண்டித்தான் (24:15). எழுதியவருக்கு மட்டுமல்ல, 'எனக்கு வந்தது, அனுப்பினேன்' என்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

நபி (ஸல்) அவர்களின் வழக்கத்தைக் கவனியுங்கள். யாரிடமாவது தவறைக் கண்டால் மிம்பரில் ஏறி, சிலருக்கு என்ன நேர்ந்தது, இப்படிச் செய்கிறார்களே என்று பொதுவாகச் சொல்வார்கள். சொல்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தவறு செய்தவர் யார் என்று வெளியே தெரியாது. தம்மை முன்னால் நிறுத்தி, குற்றவாளியின் பெயரை மறைத்தார்கள். மொட்டைக் கடிதம் இதை அப்படியே தலைகீழாக்குகிறது. எழுதுபவர் பெயர் இல்லை. எழுதப்பட்டவரின் பெயர், தெரு, குடும்பம் எல்லாம் இருக்கிறது.

நன்மையில் பெயரை மறைப்பது வேறு. இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இரவில் ரொட்டி மூட்டையைச் சுமந்துபோய் ஏழைகள் வீட்டில் வைத்து வந்ததை, அவர்களுடைய மறைவுக்குப் பிறகுதான் மதீனா மக்கள் அறிந்தார்கள். நாமோ பள்ளிவாசல் மின்விசிறியின் இறக்கையில்கூட உபயதாரர் பெயரை எழுதுகிறோம். சுற்றும்போது படிக்க முடியாதே என்ற கவலையும் இல்லை!

இனி அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெயரைச் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர் என்ன செய்வார்? அநீதி இழைக்கப்பட்டவர் அதை வெளிப்படையாகச் சொல்ல அல்லாஹ் அனுமதி தருகிறான் (4:148). ஃபிர்அவ்னின் குடும்பத்தில் ஈமானை மறைத்து வைத்திருந்த ஒருவர் மூஸா (அலை) அவர்களுக்காகப் பேசியதைக் குர்ஆன் சொல்கிறது (40:28). அவருடைய பெயரை அங்கே அல்லாஹ் சொல்லவில்லை. அவருடைய பேச்சை மட்டும் பாதுகாத்துத் தந்தான். அவர் மறைத்தது ஓர் உயிரைக் காப்பாற்ற உதவியது. மறைப்பில் இப்படியும் ஒன்று உண்டு.

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் ருக்கையா என்ற நம் சமுதாயப் பெண் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருந்தார். எழுதுவதை வீட்டில் விரும்பவில்லை. மறைவாக எழுதி, தாயார் வழியாக வெளியே அனுப்பினார். சல்மா என்ற பெயரில் அவை வந்தன. 2001ல் அதே ஊரின் பேரூராட்சித் தலைவரானார். அவர் எழுதிய எல்லாவற்றையும் ஏற்பவன் அல்ல நான். ஆனால் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் 2210 ஹதீஸ்களைத் தம் சொந்தப் பெயரில் அறிவித்தார்கள். எத்தனையோ பெண் அறிவிப்பாளர்கள் தகப்பன் பெயரோடு கிதாபுகளில் இருக்கிறார்கள். அந்த உம்மத்தில் ஒரு பெண் பேனாவைத் தொட இன்னொரு பெயர் ஏன் தேவைப்பட்டது? அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவர் அல்ல, நாம்.

ஜமாஅத்துக்கு வரும் பெயரில்லாத கடிதங்களையும் இப்படித்தான் பார்க்கிறேன். ஒரு மஹல்லாவில் மொட்டைக் கடிதம் பெருகினால், பெயரோடு சொல்ல அங்கே பாதுகாப்பான இடம் இல்லை என்று பொருள். பள்ளிவாசல் கணக்கில் குளறுபடி என்று ஒரு கடிதம் வந்தால் நாம் முதலில் செய்வது என்ன? கணக்கு நோட்டைத் திறக்கிறோமா? இல்லை, கையெழுத்தை ஒப்பிட்டு எழுதியவனைத் தேடுகிறோம். கணக்கு சரியா தவறா என்பது எழுதியவரின் பெயரைப் பொறுத்தது அல்ல. ரசீதையும் நோட்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். அப்படிச் சரிபார்க்கக் கூடியதற்குப் பெயர் தேவையில்லை. ஆனால் ஒருவரின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு, சொல்பவரின் நம்பகத்தைத் தவிர வேறெதிலும் நிற்காது. அதற்குப் பெயர் வேண்டும். பெயர் இல்லையென்றால் அது செய்தியே அல்ல. வாசிக்காமல் கிழித்துப் போடுங்கள். போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தால் அந்தப் பேச்சு அமானிதம் ஆகிவிடுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய கிதாபுகளில் இது இருக்கிறது. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வாயால் கேட்கக்கூட வேண்டியதில்லை, திரும்பிப் பார்த்ததே போதும். கணவன் அடிக்கிறான் என்று சொல்ல வரும் பெண்ணும், கடன் கொடுத்தவன் மிரட்டுகிறான் என்று சொல்ல வரும் இளைஞனும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் வருவார்கள். அவர்களின் பெயர் நிர்வாகக் கூட்டத்தில் ஏறி, அங்கிருந்து டீக்கடைக்கு இறங்கினால் அடுத்தவர் கடிதம்தான் எழுதுவார்.

நிர்வாகிகளிடம் இது பற்றிப் பேசினேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெண்கள் தங்கள் பிரச்சினையை நிஸ்வான் மதரஸாவின் ஆலிமாவிடம் நேரில் சொல்லலாம். பெயர் அவர்களிடமே இருக்கும். என்னிடம்கூட வர வேண்டியதில்லை. ஆண்கள் இஷாவுக்குப் பிறகு என் அறைக்கு வாருங்கள். பள்ளிவாசலின் வரவு செலவுக் கணக்கு மாதம் ஒரு முறை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். சுன்னத் தொழுகை முடிந்ததும் முத்தவல்லி மற்ற விவரங்களைச் சொல்வார்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.