நதி யாருடையது?



வனாந்தரத்தில் ஆறு ஓடும் என்கிற ஏசாயா 43:19 வாக்குத்தத்தத்தை எத்தனை முறை சொல்லி ஜெபித்திருக்கிறோம்! ஆறு வந்தபிறகு அதை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்று மட்டும் நாம் ஜெபிக்கிறதே இல்லை.

நிஜமாகவே வனாந்தரத்தில் ஆறு ஓடும் இடம் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவில், சிலி தேசத்து எல்கி பள்ளத்தாக்கு. அட்டகாமா பாலைவனத்தின் தென் ஓரம். வருஷத்துக்கு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழைதான். இரண்டு பக்கமும் மொட்டை மலை. நடுவே, ஆண்டீஸ் மலைப் பனி உருகி வரும் ஆற்றோரம் பச்சைப் பசேலென்று திராட்சைத் தோட்டங்கள். திராட்சரசமும், அதைக் காய்ச்சி வடிக்கிற பிஸ்கோ என்ற சாராயமும் அங்கே உண்டாகிறது. (மதுபானத்தைப் பற்றி நம்முடைய நிலை எல்லாருக்கும் தெரியும், அது இன்னொரு நாளைக்கு.) சிலி நமக்கு அந்நியமல்ல. பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் எழுப்புதலிலிருந்து மின்னி ஆப்ராம்ஸ் அம்மையார் எழுதின சிறு புத்தகம், வால்பரைசோ பட்டணத்து ஹூவர் போதகரின் மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது. 1909-ல் அங்கே எழுப்புதல் தீ பற்றினது.

1981-ல், இராணுவ ஆட்சிக் காலத்தில், அந்தத் தேசத்தில் ஒரு தண்ணீர்ச் சட்டம் வந்தது. நிலம் வேறு, தண்ணீர் வேறு. தண்ணீர் உரிமையைத் தனியாக விற்கலாம், வாங்கலாம். பங்கு இல்லாதவன் தோட்டத்தை ஒட்டியே ஆறு ஓடினாலும் பாசனத்துக்குத் திருப்ப முடியாது. விலை இருந்தால்தான் ஜனங்கள் சிக்கனமாயிருப்பார்கள் என்பது இதற்குச் சொல்கிற நியாயம். அதிலும் உண்மை இல்லாமலில்லை; சொட்டுநீர்ப் பாசனம் அங்கே நன்றாகப் பரவியிருக்கிறது. ஆனால் 2010 முதல் நீண்ட வறட்சி வந்தபோது, அந்த மாகாணத்தின் பல கிராமங்களுக்குக் குடிதண்ணீரே லாரியில்தான் வந்தது. அதே மாகாணத்தில் ஏற்றுமதித் தோட்டங்களும் இருந்தன.

இப்போ என் கேள்வி. காசு கொடுத்து, பத்திரம் எழுதி வாங்கின தண்ணீர். திருட்டு இல்லை. அப்படியானால் பாவமும் இல்லையா?

ஆகாபைப் பாருங்க. நாபோத்தைக் கொல்லுவதற்கு முன்னே அவன் நியாயமாகத்தான் பேசினான். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் பணம் தருகிறேன் என்றான் (1 இராஜாக்கள் 21:2). நாபோத் விலையைப் பேசவே இல்லை. பிதாக்களின் சுதந்தரம் அவனுக்குச் சரக்கு அல்ல. தேசம் என்னுடையது என்று கர்த்தர் சொல்லியிருக்கிறபடியால் (லேவியராகமம் 25:23), விற்கிறவனும் வாங்குகிறவனும் அங்கே குடியிருக்கிறவர்கள் மட்டுமே. கடன் தாங்காமல் தன் பங்கை விற்ற சிறு விவசாயியை நான் குற்றப்படுத்த மாட்டேன். வாங்கினவனிடத்தில்தான் கேட்பேன்: கடைமடையில் இருக்கிறவன் பிள்ளை எதைக் குடிக்கிறது?

2022-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். குடிதண்ணீருக்கு முதலிடம், புது உரிமைகளுக்கு 30 வருஷக் கெடு. ஆனால் பழைய பங்குகள் பெரும்பாலும் வைத்திருந்தவர்கள் கையிலேயே நிற்கிறது. லேவியராகமம் 25-ல் ஐம்பதாம் வருஷத்தில் எக்காளம் ஊதி, அவரவர் சுதந்தரம் அவரவருக்குத் திரும்ப வேண்டும். 1981-லிருந்து எண்ணினால் அது 2031.